முட்டை வண்டிக்கு ஒரு பட்டை கூட

பிக்கப் வண்டிக்கு ஷாக் அப்சார்பர் மாற்றும் தொழிலில் ஒரு வசதி, வருகிறவர்கள் எல்லோரும் ஒரே பொய்யைத்தான் சொல்வார்கள். பிளஸ் டூ முடித்துவிட்டு வானகரத்தில் அப்பாவின் பட்டறையில் உட்கார்ந்திருக்கும் எனக்கு, அந்தப் பொய்யை முப்பது குரலில் பேசத் தெரியும். அப்பா கடையில் மாட்டிக்கொண்ட சக கைதிகளே, கேளுங்கள்.

தவிட்டு மூட்டை

வந்து நின்ற ஒரு வண்டி முழுக்கச் செங்கல் தூள். பின்பக்கம் தரையைத் தொடுகிற மாதிரி தொங்குகிறது. அடியில் வில் மாதிரி வளைத்து அடுக்கியிருக்கும் இரும்புப் பட்டைகளில் மூன்று உடைந்திருந்தன. என்ன லோடு ஏற்றுவீர்கள் என்று அப்பா கேட்டார். அதற்கு வண்டிக்காரர் சொன்னதை, மூக்கடைப்பு உட்பட, சாயங்காலத்துக்குள் நான் அச்சாகப் பிடித்துவிட்டேன்.

“இன்னாத்த ஏத்தப் போறேன் நைனா, சும்மா ரெண்டு மூட்ட தவுடு.”

குதித்துப் பார்ப்பது

வேலை முடிந்ததும் பட்டறையில் இருக்கிற அத்தனை பேரும் வண்டி மேலே ஏறிக் குதிக்க வேண்டும். அப்பா கீழே நின்று சேஸ் சட்டத்தில் உள்ளங்கையை வைத்திருப்பார். நாங்கள் நிறுத்தியதும் வண்டி ஒரே ஆட்டத்தில் அடங்கினால் ஷாக் சரி.

வேப்பம்பட்டு சேவியர் அண்ணன் வண்டிக்கும் அப்படித்தான் குதித்தோம். அவருக்கு முட்டை வியாபாரம். வழியெல்லாம் கடைகளுக்கு இறக்கிவிட்டுக் கடைசியாக ஆவடியில் ஒரு ஹாஸ்டலுக்குப் போவார். அந்த ஹாஸ்டல் ஆர்டரை நம்பித்தான் வண்டியே வாங்கினார். முழு லோடில் பின்பக்கம் அமுங்குகிறது, ஷாக்கோடு ஒரு பட்டையும் சேர்த்துப் போடுங்கள் என்று கெஞ்சினார். அப்பா ஷாக்கோடு நிறுத்திக்கொண்டார்.

“பட்ட போட்டா ஃபுல் லோடுல ஜம்முனு போவும் சேவியரு. பாதி எறக்கினப்புறம் ஆட்டுக்குட்டி கணக்கா குதிக்கும். முட்ட இன்னாத்துக்கு ஆவும்?”

அப்பா குரல்

நாலு நாள் கழித்து சேவியர் அண்ணன் போன் பண்ணினார். அப்பா போனைப் பட்டறையில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போயிருந்தார். நான் எடுத்ததும் அப்பா என்றே நினைத்துப் பேசினார். பாரிவாக்கத்தில் ஒருத்தர் பட்டை போட்டுத் தருகிறேன் என்கிறாராம். நீங்கள் வேண்டாம் என்றால் வேண்டாம் என்றார். மெக்கானிக் குமார் அண்ணன் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். நான் அப்பா மாதிரி ரெண்டு தரம் இருமிவிட்டு, “போட்டுக்க சேவியரு, இன்னா இப்போ” என்றேன். குமார் அண்ணன் வாயில் துணியை வைத்து அடைத்துக்கொண்டார். அந்தப் பக்கம் பெருமூச்சு கேட்டது.

“நீங்க சொல்ட்டீங்க இல்ல அண்ணாத்தே, இனிமே யோசிக்க மாட்டேன்.”

திரும்பக் கூப்பிட்டு உண்மையைச் சொல்லியிருக்கலாம். அன்று முழுக்க அந்த இருமலை எல்லோருக்கும் இருமிக் காட்டுவதில் மும்முரமாக இருந்தேன்.

மஞ்சள்

அடுத்த வாரம் அவர் வண்டி வந்து நின்றபோது பின்கதவு வழியாக மஞ்சள் மஞ்சளாகச் சொட்டிக்கொண்டிருந்தது. அம்பத்தூரில் பாதி லோடு இறக்கியிருக்கிறார். அதற்குப் பிறகு வந்த வேகத்தடை ஒவ்வொன்றிலும் வண்டி எகிறியிருக்கிறது. ஹாஸ்டலில் முட்டைத் தட்டுகளைத் திறந்து பார்த்துவிட்டு, நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். நீங்கள்தானே போடச் சொன்னீர்கள் என்று அப்பாவிடம் கேட்டார்.

அப்பா என்னைப் பார்த்தார். அப்புறம் அவரைப் பார்த்து, “ஆமா, நான்தான் சொன்னேன்” என்றார். ஜாக்கியை எடுத்து வண்டிக்கு அடியில் போய், அந்தப் பட்டையை அவரே கழற்றினார். முட்டை அவர் சட்டையில் சொட்டியது. குதித்துப் பார்க்க யாரையும் கூப்பிடவில்லை.

சேவியர் அண்ணன் வண்டியைக் கிளப்பும்போது ஓடிப்போய் ஜன்னலைப் பிடித்துக்கொண்டேன். போனில் பேசியது நான்தான் என்றேன். பேசிக் காட்டு என்றார். வாயைத் திறந்தேன். இருமல்கூட வரவில்லை. வெறும் காற்றுதான் வந்தது.

“அப்பன காப்பாத்த பாக்கறியா தம்பி? அந்தக் கொரலு எனக்குத் தெரியாதா?”

இப்போது அந்தக் குரல் மறுபடி அச்சு அசலாக வருகிறது. அதை நம்பி யோசனை கேட்கத்தான் வேப்பம்பட்டிலிருந்து யாரும் போன் பண்ணுவதில்லை.