கிணற்றில் படர்ந்த ஏடு

காரிமங்கலத்துக்குக் கிழக்கே எனக்கும் அண்ணனுக்கும் பொதுவாக ஒரு கிணறு. ஒரு நாள் அவர் காட்டுப் பயிருக்குத் தண்ணீர், மறுநாள் என் காட்டுக்கு என்று முறை. ஒருவர் மாடு பூட்டிக் கவலை ஓட்டித் தண்ணீர் இறைத்தால் மற்றவர் மடை திருப்புவார்.

அறுபதுகளின் கடைசியில் ஒரு கோடையில், பாறை இடுக்கில் கசிந்த தண்ணீர்மேல் வானவில் நிறத்தில் பாலாடை போல ஏடு படர்ந்தது. தஞ்சாவூர்ப் பக்கம் பூமிக்குள் எண்ணெய் தேடுகிறார்கள் என்று டீக்கடைப் பேப்பரில் படித்திருந்தேன். எனக்குத் தலைகால் புரியவில்லை. எட்டாவது படித்த கர்வம் வேறு. பெட்ரோல்தான் என்று முடிவு கட்டினேன்.

அண்ணன் சிரித்தார். "பெட்ரோலு வந்தா வரட்டும்டா. ராகி காயுது, எறைக்கலாம் வா."

நான் விடவில்லை. பாகம் பிரித்துக் கிணற்றை என் பங்காகக் கேட்டேன். "கெணறு நீயே வெச்சுக்க. தண்ணி மட்டும் மொறைக்கு உடு" என்றார். சர்க்காருக்கு மனு எழுதிப் போட்டேன். அதிகாரி வந்து பார்க்கும்வரை ஒரு சொட்டு இறைக்கக் கூடாது என்று கிணற்றைச் சுற்றி முள் வெட்டிப் போட்டேன். அவர் ராகி கண்ணெதிரே கருகியது. அவர் முள்ளைத் தொடவே இல்லை. அதுதான் இன்றும் என் நெஞ்சை அறுக்கிறது. அந்த மாதமே அண்ணியோடு பெங்களூருக்குக் கூலி வேலைக்குப் போய்விட்டார்.

அதற்குப் பிறகுதான் என் மனுவைப் பார்த்து நிலவியல் அதிகாரி வந்தார். குச்சியால் ஏட்டைக் கலைத்தார். அது துண்டு துண்டாக உடைந்து நின்றது.

"எண்ணெயா இருந்தா மறுபடி ஒண்ணு சேர்ந்துடுங்க. இது தண்ணியில இருக்கிற இரும்பால வர்ற ஏடு."

பொறுமையாக விளக்கவும் செய்தார். கடலடிச் சேறு அடுக்கடுக்காகப் படிந்து, அதில் புதைந்த உயிர்கள் ஆழத்துச் சூட்டில் வெந்தால்தான் எண்ணெய். அதுவும் மேலேறிப் போய்விடாமல், வளைந்த பாறை ஒன்று மூடியாகத் தடுத்தால்தான் தங்கும். தஞ்சாவூருக்கு அடியில் பூமி பிளந்து இறங்கிய பள்ளங்களில் அந்த அடுக்குகள் உண்டு. நம் பாறை அதற்கெல்லாம் மிக மூத்தது, இறுகிப்போனது.

"இங்க வெடிப்புல தண்ணி நிக்கிறதே பெருசுங்க" என்றார்.

அந்தத் தண்ணீரைத்தான் நான் முள் போட்டு அடைத்திருந்தேன்.

அண்ணனுக்கு எழுத வெட்கமாக இருந்தது. பொங்கலுக்கு எழுதலாம், ஆடிக்கு எழுதலாம் என்று வருஷங்களைத் தள்ளினேன். எழுபதுகளின் நடுவில் அவர் செத்த சேதிதான் வந்தது.

கவலையை நான் ஒருவனாகவே ஓட்டினேன். பழக்கதோஷத்தில் சில நாள், "மடையத் திருப்புண்ணா" என்று கத்திவிடுவேன். பிறகு மாட்டை நிறுத்திவிட்டு ஓடிப் பார்த்தால், தண்ணீர் பழைய பாத்தியிலேயே நிரம்பி வழிந்துகொண்டிருக்கும்.