இன்னொருவர் வாயால் கேட்ட கேள்வி

கீரிக் கரையில் மீன் ஏலம் கூறுகிற அம்புறோசின் குரலுக்கு ஒரு பெயர் உண்டு. அவர் "ஒருதரம்" என்று தொடங்கினால் காற்றுக்கூட நின்று கேட்கும் என்பார்கள். அந்தக் குரல் ஒரேயொரு நாள் வெளியே வராமல் போனது. வந்திருந்தால் ஒரு குடும்பம் இன்றைக்கும் அந்தக் கரையில் இருந்திருக்கும்.

எழுபத்தோராம் ஆண்டு அது. மீனவர் சங்கங்களின் சமாசத்துக்குத் தலைவர் தேர்தல் வந்தது. ஒவ்வொரு ஊர்ச் சங்கமும் முதலில் தங்களுக்குள் கூடி, ஓர் ஆளைத் தெரிவுசெய்து அனுப்ப வேண்டும். கீரியில் வள்ளங்களும் வலைகளும் வைத்திருந்த டொமினிக் சம்மாட்டி இருக்க வேறு யார் நிற்பார்கள் என்றுதான் எல்லாரும் இருந்தார்கள். நின்றார் ஒருவர். நவரத்தினம், அம்புறோசின் தங்கை பெற்றிசியாவின் கணவர்.

நவரத்தினம் கட்டுக்கரைக் குளத்துப் பக்கம் நெல் விதைக்கிற சைவக் குடும்பத்துப் பிள்ளை. ஐஸ் லொறியில் வேலைக்கு வந்த இடத்தில் பெற்றிசியாவைக் கண்டு, ஞானஸ்நானம் பெற்று, மோதிரம் மாற்றி, வலை இழுக்கப் பழகியவர். ஐந்து வருடமாகியும் ஊருக்கு அவர் வரத்தான்தான், வெளியிலிருந்து வந்தவர்தான்.

"தலைவர் பதவி எனக்குப் பெரிசில்லை, மச்சான்," என்றார் அம்புறோசிடம். "என்ர பிள்ளையளை வரத்தான்ர பிள்ளையள் எண்டு இனி ஒருதரும் சொல்லக்கூடாது. அதுக்காகத்தான் நிக்கிறன்."

கூட்டத்தில் இருவரும் பேச வேண்டும். பிறகு ஆளுக்கொரு கேள்வி மற்றவரைக் கேட்கலாம். அதற்குப் பயிற்சி கொடுக்க அம்புறோசை விட யார் பொருத்தம்? ஏலம் முடிந்து கரை காலியானதும் இருவரும் வலை வைக்கிற வாடியின் நிழலில் நிற்பார்கள். அம்புறோஸ் டொமினிக் மாதிரி வயிற்றைத் தள்ளிக்கொண்டு முழங்குவார்.

"சம்மாட்டி கத்துவார். கத்தட்டும். நீர் குரலை உயத்தாதேயும். அவர் உம்மை வரத்தான் எண்டு சொல்ல முதல் நீரே சொல்லிப்போடும்."

"நானே சொல்லுறதோ?"

"ஓம். ‘நான் வரத்தான்தான். அதாலைதான் இந்தக் கரையிலை எனக்குப் பகையாளியும் இல்லை, பங்காளியும் இல்லை. தராசு எனக்கு நேராத்தான் நிக்கும்’ எண்டும். பிறகு ஒரு பகிடி விடும்."

"முதல் ஆறு மாதமும் வள்ளம் ஆடேக்கை இந்தக் கடலுக்கு நான்தான் வாயாலை சாப்பாடு போட்டனான், சொல்லட்டோ?"

அம்புறோஸ் வயிறு குலுங்கச் சிரித்தார். "அதுதான்! சனம் சிரிச்சிட்டால் பாதிக் கை தூக்கின மாதிரி."

அவ்வளவோடு நிறுத்தியிருக்கலாமே! ஆனால் அம்புறோசின் நெஞ்சில் ஏழு வருடப் புண் ஒன்று இருந்தது. அறுபத்துநாலாம் ஆண்டுப் புயலில் அவருடைய தம்பி பஸ்ரியன் கடலோடு போனான். தேடப் போன ஐந்து வள்ளங்களில் முதலாவதாகத் தேடலைக் கைவிட்டுத் திரும்பியது டொமினிக்கின் வள்ளம். கரையில் நின்று அதைக் கண்ட ஒரே ஆள் அம்புறோஸ்.

தேடப்போன வள்ளத்தில் எது முதல் திரும்பியது என்று அந்தக் கரையில் யாரும் கேட்பதில்லை. கேட்டால் அடுத்த முறை தேடிப் போக ஒரு வள்ளமும் இறங்காது. செத்தவனின் தாய்கூடக் கேட்க மாட்டாள். அம்புறோசும் கேட்கவில்லை. ஆனால் அந்த வழக்கம் தெரியாத ஒருவர் கேட்டால்?

"கடைசியா ஒரு கேள்வி தாறன்," என்றார். "நான் தோளிலை கிடக்கிற துவாயை எடுத்தால் கேளும்."

நவரத்தினம் கேள்வியைப் பாடமாக்கினார். மச்சான் தருவதில் பிழை இருக்கும் என்று அவருக்கு எப்படித் தோன்றும்?

பள்ளிக்கூட மண்டபம் நிறைந்திருந்தது. டொமினிக் முழங்கி முடித்தார். நவரத்தினம் அமைதியாக எழுந்தார். சாப்பாட்டுப் பகிடிக்குச் சனம் விழுந்து விழுந்து சிரித்தது. சங்கத்துக்கென்று ஒரு தராசு, ஓர் ஐஸ் பெட்டி, ஒரு லொறி என்று அவர் சொன்னபோது டொமினிக்கின் வள்ளத்து ஆட்களே தலையாட்டினார்கள்.

"வரத்தான் கெட்டிக்காரன்தான்ரா!" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். வெற்றி வாசலுக்கு வந்துவிட்டது. அப்போது பார்த்து அம்புறோஸ் துவாயை எடுத்தார்.

"ஒரேயொரு கேள்வி, சம்மாட்டி," என்றார் நவரத்தினம். "புயலுக்கை பஸ்ரியனைத் தேடப் போன வள்ளங்களிலை முதல் திரும்பினது ஆற்றை வள்ளம்?"

சிரித்துக்கொண்டிருந்தவர்கள் தரையைப் பார்த்தார்கள்.

டொமினிக் மெல்ல எழுந்தார். முகத்தில் ஆத்திரம் இல்லை. "என்ர வள்ளம்தான்," என்றார். உட்கார்ந்துவிட்டார்.

பெண்கள் பக்கம் பஸ்ரியனின் மனைவி அருளம்மா எழுந்தாள். "ஏழு வருசம் நான் கேக்கேல்லையே! என்ர மனுசனை வோட்டுக்கு ஏலம் போட்டிட்டியளே, பாவியள்!" முந்தானையால் தலையை மூடிக்கொண்டு வெளியேறினாள். பெண்கள் ஒவ்வொருவராக அவள் பின்னால் போனார்கள்.

கூட்டத்தை நடத்திய தலைமை வாத்தியார் மேசையைத் தட்டினார். "நவரத்தினம், இதைக் கேக்கச் சொல்லி ஆர் சொன்னது?"

நவரத்தினம் அம்புறோசைப் பார்த்தார். ஒருதரம். மறுபடி பார்த்தார். இரண்டுதரம். அம்புறோசின் தொண்டையில் "நான்தான்" என்ற சொல் வந்து நின்றது. அருளம்மா போன வாசலைப் பார்த்தார். தலையைக் குனிந்தார்.

"ஒருதரும் சொல்லேல்லை," என்றார் நவரத்தினம். "நானாத்தான் கேட்டனான்."

அவருக்குக் கை தூக்கியவர் யாருமில்லை. அம்புறோசின் கையும் எழவில்லை.

மறுநாளிலிருந்து நவரத்தினத்தை எந்த வள்ளத்திலும் ஏற்றவில்லை. திரும்பி வந்த கணக்குக் கேட்கிறவனோடு யார் கடலுக்குப் போவார்கள்? மூன்றாம் கிழமை பெற்றிசியா தமையனின் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணை, அந்தக் கேள்வி ஆற்றை?"

"எனக்கென்ன தெரியும், பிள்ளை?"

"எந்த வள்ளம் முதல் வந்ததெண்டு எனக்கே தெரியாது. பிறகு அவருக்கு ஆர் சொல்லியிருப்பினம்?" கண்ணீர் தாரை தாரையாக வடிந்தது. "அவரிட்டையும் கேட்டுப் பாத்தன். உங்கட பேரைச் சொல்ல மாட்டன் எண்டு நிக்கிறார், அண்ணை."

அன்று பின்னேர பஸ்ஸில் பிள்ளைகளோடு அவர்கள் நவரத்தினத்தின் ஊருக்குப் போய்விட்டார்கள்.

இரண்டு வருடம் கழித்து அம்புறோஸ் ஒரு பாரைக் கருவாட்டுப் பொதியோடு அங்கே போனார். நவரத்தினம் நெற்சூடு மிதித்த களத்திலிருந்து ஓடி வந்தார். "வாங்கோ, மச்சான்! இருங்கோ!" அதே மரியாதை. பெற்றிசியா தேத்தண்ணியை வைத்துவிட்டு உள்ளே போனாள். வெளியே அவளுடைய மூத்தவனை ஒரு பையன் கூப்பிட்டான்: "டேய், கரையான்ர பெடியா, விளையாட வாறியோ?"

அங்கேயும் அந்தப் பிள்ளை கடற்கரையிலிருந்து வந்த வரத்தான்தான். சொல்ல வந்த சொல்லை அம்புறோஸ் தேத்தண்ணியோடு விழுங்கிவிட்டு எழுந்தார்.

அம்புறோஸ் இன்னும் ஏலம் கூறுகிறார். "இரண்டுதரம்" என்றதும் ஒரு கணம் நின்று, கூட்டத்தில் யாரையோ தேடுகிறார்.

"என்ன அண்ணை, தொண்டை அடைச்சுப்போச்சோ? மூண்டைச் சொல்லுங்கோவன்!" என்று வியாபாரிகள் பகிடி பண்ணுவார்கள்.

அவர் கண்ணைத் துவாயால் துடைத்துக்கொண்டு "மூன்றுதரம்" என்பார்.