நான் திரும்பப் பெற்றுக்கொண்ட சாட்சி

இரண்டு வருடங்களுக்கு முன், தவக்காலத்தில், நம் செபக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்து, என் மகள் ஸ்டெல்லா பூரண சுகமானாள் என்று சாட்சி சொன்னேன். எல்லோரும் கை தட்டினீர்கள். அது உண்மையில்லை.

நான் தெல்தோட்டை தேயிலைத் தோட்ட லயத்தில் பிறந்தவன். ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. கட்டுகஸ்தோட்டையில் ஹார்ட்வெயார் கடை, அம்பிட்டியவில் மாடி வீடு, எல்லாம் இந்தக் கையால் வந்தவை. பெருமைக்குச் சொல்லவில்லை, சொன்னாலும் தப்பில்லை. அப்படிப்பட்டவன் வீட்டில், டீச்சராக இருந்த பிள்ளை, காதுக்குள் யாரோ பேசுவதாகச் சொல்லிக் கதவைப் பூட்டிக்கொண்டாள். மனச்சிதைவு நோய் என்றார் டொக்டர்.

மாத்திரையில் குரல்கள் அடங்கின. ஆனால் குளிக்கமாட்டாள், தலை சீவமாட்டாள். அரிசியைக் களைந்துவிட்டு, அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே நிற்பாள். சோம்பல் என்று நினைத்தேன். விடிந்ததிலிருந்து ஏசினேன்.

குரல்கள் நின்றதைத்தான் பூரண சுகம் என்று மைக்கில் சொன்னேன். சொன்ன பிறகு மாத்திரை கொடுத்தால் என் விசுவாசம் என்னாவது? சபை என்ன பேசும்? நானே எடுத்துக் குப்பையில் போட்டேன். மனைவி கெஞ்சினாள். கேட்கவில்லை.

மூன்றாம் மாதம் ஸ்டெல்லா வீட்டை விட்டுப் போய்விட்டாள். இரண்டு நாள் தேடினோம். மகாவலி ஆற்றுப் பாலத்தருகே வெறுங்காலோடு நின்றாள். என்னைக் கண்டதும் பயந்து ஓடினாள். பெற்ற பிள்ளை.

பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். வார்டில் தாதி கேட்டார்: "ஐயா, ஒரு நாளைக்கு எத்தனை தரம் பிள்ளைய ஏசுவீங்க?"

எதற்கும் பதில் வைத்திருப்பவன் நான். அன்று விரல் விட்டு எண்ணப் பார்த்தேன், விரல் போதவில்லை. எழுந்து பல் துலக்குவதே இந்த நோயில் ஒரு மலை, ஏச்சு அதை இன்னும் உயர்த்தும் என்றார் அவர். வாசல் கதிரையில் உட்கார்ந்து அழுதேன். அவளை மாற்றும் என்று இத்தனை காலம் கேட்டவன், அன்றுதான், "ஆண்டவரே, என் வாயைக் கட்டும்" என்று கேட்டேன்.

கட்டினார். என்னைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய அற்புதம் என்று விளங்கும். மாத்திரையைத் திரும்பத் தொடங்கினோம். ஒவ்வொரு நாளும் செய்யவேண்டியதை மனைவி வரிசையாக எழுதி அலுமாரியில் ஒட்டினாள். ஒரு வேலைக்கு ஒரு மணித்தியாலம் போகும். பேசாமல் இருந்தேன்.

பள்ளிக்கூட வேலை திரும்பி வரவில்லை. பேசிவைத்த கல்யாணமும் போனது. மாத்திரையை நிறுத்தும் முன்பிருந்த அளவுக்குக்கூட அவள் இன்னும் திரும்பவில்லை. அது என்னால் வந்தது.

போன மாதம் தானே தலை சீவிக்கொண்டு வந்து நின்றாள். "அப்பா, கிளினிக்குக்கு நான் தனியா பஸ்ல போயிட்டு வரவா?"

நூறு புத்திமதி நாக்கு வரை வந்தது. "சரிம்மா" என்றேன். அவள் திரும்பும் வரை பஸ் தரிப்பிடத்திலேயே நின்றேன். மாத்திரைப் பையோடு இறங்கினாள்.

"ஏம்ப்பா இங்கேயே நிக்கிறீங்க?"

"சும்மாதாம்மா."

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருந்தால், ஆண்டவரை நம்புங்கள், மாத்திரையை நிறுத்தாதீர்கள். முதலில் உங்களுக்காகக் கேளுங்கள். தருவார்.

இதற்காக யாரும் எனக்குக் கை தட்ட வேண்டாம். வீட்டுக்கு வாருங்கள். ஸ்டெல்லாவிடம் சுகமா என்று கேளுங்கள். பதில் வரக் கொஞ்சம் நேரம் ஆகும். காத்திருங்கள்.