ரஹீம் பாய் கழற்றி வைத்த பூட்ஸ்

சென்ற வெள்ளிக்கிழமை காலை வண்டிக்கார முனுசாமி என் வாசலில் மாட்டை நிறுத்தி, "வாத்தியாரே, லாடம் கட்ற ரஹீம் பாய் பூட்டாரு. மத்தியானம் தொயுகை முடிஞ்சி எடுக்கறாங்க" என்றான். சொல்லிவிட்டுத் தன் மாட்டின் குளம்பையே பார்த்துக்கொண்டு நின்றான். அந்த லாடமும் பாய் கட்டியதுதான்.

கரையான்சாவடிக் கால்பந்துக் குழுவில் அவரோடு ஆடியவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். கேடயம் யாரால் வந்தது என்பதை நான் இத்தனை வருஷமாகத் தவறாகச் சொல்லி வந்திருக்கிறேன்.

அந்தக் கேடயத்துக்காக அம்பத்தூர்க் குழுவோடு இறுதி ஆட்டம். அதுவரை நாம் வெறுங்காலோடு ஆடியவர்கள். முதல் நாள் மாலை அரிசி மண்டி முதலாளி பதினொரு ஜோடி புது பூட்ஸ் கொடுத்தனுப்பினார். குழுவின் காரியதரிசியான நான் பூரித்துப்போய், எல்லோரும் கட்டாயம் அணிய வேண்டும் என்றேன். பாய் மட்டும் தலையை ஆட்டினார்.

"புதுசா லாடம் கட்ன மாட்ட அன்னிக்கே பாரம் ஏத்தி ஓட்டுவாங்களா வாத்தியாரே? நாலு நாள் சும்மா நடக்க உடணும்."

முதலாளியின் மனம் நோகுமே என்று நான் அதைக் காதில் வாங்கவில்லை.

பாதி ஆட்டத்தில் நம் மேல் இரண்டு கோல். நடுவர் இடைவேளை விசில் ஊதியதும் நம்மவர்கள் குதிகாலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். முன்வரிசை நாற்காலியில் முதலாளி இருந்தார். அவர் எதிரில் கழற்றச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பாய் தம்முடையதைக் கழற்றி, மண்ணைத் தட்டி, அவர் நாற்காலியருகில் வைத்தார்.

"மொதலாளி, கொஞ்சம் பாத்துக்கோங்க. ஜெயிச்சிட்டு வந்து மாட்டிகினு போட்டா புடிச்சிக்கறோம்."

முதலாளி சிரித்துவிட்டார். பாய் திரும்பி, "இன்னாடா பாக்கறீங்க? கயட்டுங்கடா!" என்றார்.

பிறகு நாம் மூன்று கோல் போட்டது உங்களுக்கு நினைவிருக்கும். கடைசி நிமிஷத்தில் அம்பத்தூர்க்காரர் ஓங்கி உதைத்த பந்தைப் பாய் வெறுங்காலால் தடுத்தார். உதைத்தவரின் பூட்ஸ் பாயின் கால் கட்டைவிரலில் இறங்கியது. நகம் பெயர்ந்துவிட்டது.

அன்று நடந்த பாராட்டுக் கூட்டத்தில், வெற்றிக்குக் காரணம் முதலாளி தந்த பூட்ஸ் என்று பேசியவன் நான்தான். கைதட்டல் பலமாக இருந்தது. மறுநாள் பாயின் பட்டறைக்குப் போய்த் தயங்கி நின்றேன். மாட்டின் காலைத் தொடைமேல் வைத்தபடியே சொன்னார்: "யாரால வந்தா இன்னா வாத்தியாரே, கேடயம் நம்மூருக்கு வந்துச்சா இல்லியா? அத்த உடுங்க, இந்தக் கயித்தப் புடிங்க."

அதைச் சாக்காக வைத்துக்கொண்டு நானும் விட்டுவிட்டேன்.

அந்தப் புகைப்படம் என் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. பத்துப் பேர் கால்களில் பூட்ஸ் பளபளக்கிறது. ஓரத்தில் நிற்கும் பாயின் கால் மட்டும் துணிக்கட்டோடு வெறுமையாக இருக்கிறது. வீங்கிய விரல் பூட்ஸுக்குள் நுழையவில்லை. வருகிறவர்கள் எல்லோரும் படத்தின் நடுவில் உள்ள கேடயத்தைத்தான் முதலில் பார்ப்பார்கள். இனி அவர்களுக்கு நான் அந்தக் காலைக் காட்டிவிட்டுத்தான் கேடயத்துக்கு வருவேன்.