கை நனைக்காத தெரு

முத்தாபுதுப்பேட்டையில் ஏரியை ஒட்டிய கடைசித் தெருவில் நாகவல்லிக்கு ஒற்றை அறை வீடு. ஆவடியில் ஊழியர் குடியிருப்புகளில் காண்ட்ராக்ட் துப்புரவு வேலை. லாரியில் சுமை ஏற்றிக்கொண்டிருந்த கணவர், மகள் ஜோதிகா ஆறாவது படிக்கும்போது நெஞ்சுவலியில் போய்விட்டார். அதன் பிறகு நாகவல்லி இரண்டு ஷிப்டும் சேர்த்துப் பார்த்த நாட்களில் பிள்ளைக்குச் சோறு போட்டது பக்கத்து வீட்டு ராணி. ராணியின் கணவர் துலுக்கானம் கொத்தனார். அதிகம் பேசாத ஆள். மழைநாளில் ஜோதிகாவைப் பள்ளிக்கூடத்திலிருந்து சைக்கிளில் உட்காரவைத்து, தான் நனைந்துகொண்டே தள்ளி வருவார்.

தெருவில் எந்த வீட்டில் விசேஷம் என்றாலும் காய் நறுக்கவும் பந்தி பரிமாறவும் நாகவல்லி போய் நிற்பாள். அவள் வீட்டில் மட்டும் அப்படி ஒன்று நடந்ததில்லை. அதனால் ஜோதிகாவுக்குக் கல்யாணம் என்றதும் தெருவே புடவை எடுத்தது.

மாப்பிள்ளை அரவிந்தன், அம்பத்தூர் எஸ்டேட்டில் ஜோதிகாவோடு ஒரே கம்பெனியில் வேலை பார்ப்பவன். ஊத்துக்கோட்டைப் பக்கத்து ஆள். இரண்டு வீட்டிலும் பெரிய சண்டை இல்லாமல் ஒத்துக்கொண்டார்கள். காலையில் தெருமுனை அம்மன் கோயிலில் தாலி, மாலையில் ஆவடி போகும் வழியில் ஒரு சின்ன மண்டபத்தில் வரவேற்பும் சாப்பாடும் என்று முடிவாயிற்று. மண்டபத்தை அரை நாளைக்குத்தான் எடுக்க முடிந்தது. அன்று பகலில் அங்கே வேறொருவர் வீட்டுக் காதுகுத்து. மாப்பிள்ளை வீட்டில் இருபது பேர் மட்டும் காலையில் வருவார்கள், டிபன் சாப்பிட்டுத் திரும்பிப்போய், மாலையில் மற்றவர்களோடு வருவார்கள் என்பது பேச்சு.

முகூர்த்தத்துக்கு முன்னால் கோயில் வாசலில் இரண்டு வேன்கள் வந்து நின்றன. பின்னால் இன்னொன்றும் வந்தது. கதவைத் திறக்கத் திறக்க ஆட்கள் இறங்கிக்கொண்டே இருந்தார்கள். வயதானவர்கள், கைக்குழந்தைக்காரிகள், பள்ளிப் பிள்ளைகள். மாப்பிள்ளையின் அம்மா தேசம்மா சிரித்துக்கொண்டே வந்து நாகவல்லியின் கையைப் பிடித்தாள். வேன்காரன் இரண்டு நடை என்றால் ரொம்ப அதிகமாகக் கேட்டானாம், அதனால் எல்லாரும் ஒரே நடையில் வந்துவிட்டார்களாம். ராத்திரிதான் திரும்புவார்களாம். அவள் அதைச் சிக்கனமான நல்ல யோசனையாகத்தான் சொன்னாள். நாகவல்லியும் சந்தோஷம் என்று சொல்லி உட்காரவைத்தாள்.

தாலி கட்டும்போது அவள் மகளின் முகத்தைப் பார்க்கவில்லை. தலைகளை எண்ணிக்கொண்டிருந்தாள். தொண்ணூறு வந்தது.

இட்லியும் பொங்கலும் அவர்களுக்கே சரியாகப் போயிற்று. தெருக்காரர்கள் பாத்திரத்தை எட்டிப் பார்த்துவிட்டு, வெளியூர் ஜனம் முதலில் சாப்பிடட்டும் என்று டிபனுக்கு உட்காராமலே ஒதுங்கிக்கொண்டார்கள். ராத்திரி மண்டபத்தில் ஒரு பிடி பிடிக்கிறோம் என்று சிரித்தார்கள்.

கோயிலின் தகரக் கொட்டகையில் மாப்பிள்ளை வீட்டார் பாய் விரித்துச் சாய்ந்தார்கள். வைகாசி வெயில். பதினொரு மணிக்கே ஒரு குழந்தை பசி என்று அழ ஆரம்பித்தது. மத்தியானச் சாப்பாடு எங்கே என்று யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. ஆனால் நாகவல்லி கடந்து போகும்போதெல்லாம் கண்கள் அவள் பின்னாலேயே வந்தன. கடன் கேட்டுத் தெரிந்த இரண்டு பேருக்குப் போன் போட்டாள். ஒருவர் எடுக்கவில்லை. இன்னொருவர், ஏற்கெனவே கொடுத்ததை ஞாபகப்படுத்தினார். அடகு வைக்கக் காதில் கம்மல்கூட மிச்சமில்லை. கூட்டத்தைக் கோயிலில் விட்டுவிட்டு ஆட்டோ பிடித்து மண்டபத்துக்கு ஓடினாள்.

மண்டபத்தின் பின்கட்டில், காதுகுத்துச் சமையலுக்கு இடம்விட்டு ஒரு மூலையில், சமையல் மாஸ்டர் சிவராமன் ராத்திரிக்காக உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் கத்தியைக் கீழே வைத்தார். கடையில் தனக்கே பாக்கி இருக்கிறது, புதுச் சரக்குக் கடனுக்குத் தரமாட்டார்கள் என்றார். ராத்திரிச் சரக்கிலிருந்து எடுத்து மத்தியானத்துக்குப் பொங்க முடியுமா என்று அவள் கேட்டாள்.

"முடியும்மா. ஆனா தொண்ணூறு பேருக்கு இப்ப போட்டா, ராத்திரி தொண்ணூறு இலை கொறையும். சாம்பார்ல தண்ணி ஊத்தலாம். அரிசில ஊத்த முடியாது" என்றார் சிவராமன்.

நாகவல்லி அங்கேயே நின்றாள். சம்பந்தி வீட்டாரைப் பட்டினி போட்டால் அந்தப் பேச்சு ஜோதிகாவின் வாழ்நாள் முழுக்கக் கூட வரும். மாமியார் வீட்டில் அவள் ஒவ்வொரு முறை சோற்றில் கை வைக்கும்போதும் யாராவது ஒருவர் சொல்லிக்காட்டுவார். இப்படித்தான் அவளுக்குத் தோன்றியது. எடுத்துப் பொங்கச் சொன்னாள்.

இரண்டரை மணிக்குக் கொட்டகையில் இலை விழுந்தது. சோறு, சாம்பார், பொரியல், மோர். பசியில் இருந்தவர்கள் இரண்டு முறை, மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டார்கள். தேசம்மா ஏப்பம் விட்டுக்கொண்டே, குறை வைக்காமல் செய்துவிட்டீர்கள் என்று பாராட்டினாள். நாகவல்லி தண்ணீர்கூடக் குடிக்காமல் தன் தெருவுக்கு நடந்தாள். அந்தத் தொண்ணூறு இலையை எங்கே குறைப்பது என்பதை அவள் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டிருந்தாள். கேட்டால் மாட்டேன் என்று சொல்லாத ஜனம் அவளுக்கு ஒன்றுதான் இருந்தது.

வீடுகளில் பட்டுப்புடவைகள் கொடியில் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன. ராணி வாசலில் உட்கார்ந்து எல்லோருக்குமாக மல்லிகை கட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, ராத்திரி நம்ம தெரு ஆளுங்க மண்டபத்துல சாப்ட வாணாங்கா. வந்து புள்ளைய ஆசீர்வாதம் பண்ட்டு வந்துடுங்க."

ராணிக்கு முதலில் விளங்கவில்லை. "இன்னாடி சொல்ற? கல்யாணத்துக்கு வந்துட்டுக் கை நனைக்காம எப்டி வர்றது?"

நாகவல்லி எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லச் சொல்லக் குரல் தேய்ந்து, கடைசியில் ராணியின் காலருகே உட்கார்ந்துவிட்டாள். உள்ளே இருந்து துலுக்கானம் வந்தார். முழுவதும் கேட்டிருந்தார்.

"யாருக்கும் ஒண்ணும் இல்லன்னா கஞ்சி குடிச்சிருப்போம். அவங்களுக்கு கீது, எங்களுக்கு இல்ல. அப்டித்தான?" என்றார்.

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு ஏரிப்பக்கம் போய்விட்டார். ராணி கட்டிய பூவைச் சுருட்டி ஓரமாக வைத்தாள். பிறகு, வீடு வீடாகத் தானே சொல்லிக்கொள்வதாகவும், நாகவல்லி மண்டபத்துக்குப் போய் ஆக வேண்டியதைப் பார்க்கலாம் என்றும் சொன்னாள். அந்தக் குரலில் கோபம் இல்லை. கோபித்திருந்தால் நாகவல்லிக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

மாலையில் தெரு முழுக்க வந்தது, துலுக்கானம் ஒருவரைத் தவிர. புதுப் புடவையும் பூவுமாக வரிசையில் நின்றார்கள். ஜோதிகாவின் கையில் மொய்க் கவரை வைத்தார்கள், போட்டோவுக்கு நின்றார்கள், இறங்கினார்கள். மண்டபத்தில் வெளியே போகும் வழி சாப்பாட்டுக்கூடத்தை ஒட்டித்தான். பிரியாணி வாசனை வாசல் வரை வந்தது. மோகனப்பிரியா என்று அதே தெருக்காரி ஒருத்தி. அவளுடைய மூன்று வயது மகள் ஐஸ்கிரீம் மேசையைப் பார்த்துவிட்டுத் தரையில் புரண்டு அழுதாள். மோகனப்பிரியா அவளைத் தோளில் போட்டுக்கொண்டு வேகமாக வெளியேறினாள். வருகிறவர்களைச் சாப்பிட வாங்க என்று கும்பிட வேண்டிய இடத்தில் நின்ற நாகவல்லி, தன் தெருக்காரர்கள் வரும்போதெல்லாம் புடவைத் தலைப்பைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டாள்.

மேடையிலிருந்து ஜோதிகா கையசைத்துக் கூப்பிட்டாள். ராணி பெரியம்மா ஏன் சாப்பிடாமல் போகிறாள் என்று கேட்டாள். கடைசிப் பந்தியில் உட்காருவாள் என்று நாகவல்லி சொன்னாள். ஜோதிகா அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். கேமராக்காரர் இந்தப் பக்கம் பார்க்கச் சொன்னார்.

ஒன்பது மணி தாண்டியதும் சிவராமன் அவளைப் பின்கட்டுக்கு அழைத்தார். ஒரு பெரிய அண்டாவின் மூடியைத் தூக்கிக் காட்டினார். பிரியாணி. கை வைக்கவே இல்லை. பக்கத்தில் முக்கால் அண்டா தயிர்சாதம். மூன்று மணிவரை உட்கார்ந்து மூக்குப்பிடிக்கச் சாப்பிட்ட மாப்பிள்ளை வீட்டாரில் பாதிப்பேர் ராத்திரி இலையில் உட்காரவே இல்லை. உட்கார்ந்தவர்களும் ஒரு கரண்டி தயிர்சாதத்தோடு எழுந்துவிட்டார்கள்.

நாகவல்லி அண்டாவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். பிறகு ஈரத்தரையில் அப்படியே உட்கார்ந்து, புடவையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். யாரோ ஒரு குழந்தைக்கு வெந்நீர் கேட்டு வந்த தேசம்மா இதைப் பார்த்துப் பதறிப்போனாள். இனி மறைக்க என்ன இருக்கிறது என்று நாகவல்லி எல்லாவற்றையும் சொன்னாள்.

தேசம்மாவின் முகம் கறுத்துப்போயிற்று. "ஒரு வார்த்த சொல்லியிருந்தா பன்னும் டீயும் குடிச்சிட்டுக் கெடந்திருப்பமே சம்பந்தி. பேசுன பேச்சுக்கு மேல ஆள இட்டுகினு வந்தவ நானு. ஒரு தெருவையே பட்டினி அனுப்பிட்டு எங்களுக்கா போட்ட?"

அவளே வெளியே போய் ஒரு வேன்காரனை எழுப்பினாள். அண்டாக்களை ஏற்றி, நாகவல்லியோடு தானும் ஏறிக்கொண்டாள்.

தெருவில் பாதி வீடுகளில் விளக்கு அணைந்திருந்தது. சிலர் பாத்திரம் கொண்டுவந்து, ஒன்றும் கேட்காமல் வாங்கிக்கொண்டார்கள். சிலர் ரசம் வைத்துச் சாப்பிட்டாயிற்று, காலையில் பார்க்கலாம் என்றார்கள். மோகனப்பிரியா கதவைத் திறக்கவில்லை. ராணி தூக்கு நிறைய வாங்கிக்கொண்டாள். துலுக்கானம் கட்டிலிலிருந்து எழுந்து, தேசம்மாவுக்கு நாற்காலி போட்டு, சொம்பில் தண்ணீர் கொடுத்து, பிள்ளையை நல்லபடியாக வைத்துக்கொள்ளச் சொன்னார். நாகவல்லி நின்ற பக்கம் அவர் திரும்பவில்லை. மிச்சப் பிரியாணி விடிவதற்குள் ஊசிப்போயிற்று. அதை ஏரிக்கரையில் குழி தோண்டிக் கொட்டியதும் அவள்தான்.

ஜோதிகா மறுவீட்டுக்கு வந்தபோது முதலில் ராணி வீட்டுக்குத்தான் போனாள். அங்கே என்ன பேசிக்கொண்டார்கள் என்று அவள் அம்மாவிடம் சொல்லவில்லை. திரும்பி வந்து அம்மாவின் பக்கத்தில் படுத்துக்கொண்டாள். ராணி பழையபடி பேசினாள், பழையபடி குழம்பு கொடுத்தாள். தெருவும் மெல்ல மெல்லப் பேச ஆரம்பித்தது. துலுக்கானம் மட்டும் பேசவில்லை. குழாயடியில் எதிரே வந்தால் நாகவல்லி ஒதுங்கி வழிவிடுவாள். அவர் போய்விடுவார்.

ஐப்பசியில் அடைமழை பிடித்து ஏரித் தண்ணீர் தெருவுக்குள் வந்தது. நாகவல்லி வாசற்படியில் மணல் சாக்கு அடுக்கிக்கொண்டிருந்தாள். முழங்கால் தண்ணீரில் துலுக்கானம் வந்தார். அவளைத் தாண்டி வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார்.

"அரிசி மூட்டைய இன்னும் கீழயே வச்சிகினு கீறியே. புடி அந்தப் பக்கம், மேல தூக்கலாம்" என்றார்.

அவள் போய் மூட்டையின் மறுமுனையைப் பிடித்தாள்.