இளவரசியைப் பூட்டியது யார்?

காலையில் ஸ்ரீரங்கத்திலிருந்து திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்ட் போகும் பஸ்ஸில், இளவரசி வேடமிட்ட ஒன்றாம் வகுப்புக் குழந்தை ஒருத்தி என் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஸ்கூலில் மாறுவேடப் போட்டியாம்.

அவள் அம்மா வசனம் சொல்லிக்கொடுத்தாள். "கோபுரத்துல பத்து வருஷமா ராஜகுமாரனுக்காகக் காத்திருக்கேன். சொல்லு."

"பத்து வருஷமாவா? அதுக்குள்ள என்னம்மா கத்துக்கிட்டா?"

"ஒண்ணும் கத்துக்கலடி. ஜன்னலைப் பாத்துக்கிட்டு இருந்தா. கிரீடம் சாயுது பாரு, ஒழுங்கா உக்காரு."

பஸ்ஸே சிரித்தது. நானும்தான்.

குழந்தை என் பக்கம் திரும்பினாள். "ஆன்ட்டி, அவளை யாரு பூட்டி வச்சது?"

சென்னையில் வேலை கிடைத்த என் மகளை, "முதல்ல வரன் அமையட்டும்" என்று நான் வீட்டிலேயே நிறுத்திவைத்து இரண்டு வருடமாகிறது.

"தெரியலம்மா" என்றேன்.

வீடு திரும்பியதிலிருந்து மகளின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இந்தக் கதைகளில் பூட்டுகிறவள் எப்போதும் சூனியக்காரிதானா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.