தூதரகத்தில் புரட்டிய முந்தானை

பட்டு நெசவில் ஒரு வசதி உண்டு: நெய்த புடவையை நாமே கட்டிப் பார்க்கும் தொல்லை கிடையாது. காஞ்சிபுரத்தில் என்னைப் போலத் தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டு, முதுகுவலிக்குத் தைலம் தேய்க்கும் சகோதரிகளுக்கு இது தெரியும். அப்படிப்பட்ட நான் ஒரு வெளிநாட்டுத் தூதரக விருந்துக்குப் போய்வந்த கதை இது.

அழைப்பு

எனக்குப் பாவு, அதாவது தறியில் ஏற்றும் நீள நூல், கொடுத்து நெய்து வாங்கும் முதலாளியின் கடையில், சென்னையில் இருக்கும் ஒரு வெளிநாட்டுத் துணைத் தூதரின் மனைவி புடவை வாங்கியிருந்தார். நெய்தது நான். அவர்கள் நாட்டுத் தேசிய தின விருந்துக்குக் கடைக்காரரும் நெய்தவரும் சேர்ந்தே வரவேண்டும் என்று அழைப்பு. முதலாளிக்கு அங்கேதான் உதைத்தது. கார் செங்கல்பட்டைத் தாண்டியதும் மெதுவாக ஆரம்பித்தார்:

"நெய்ஞ்சது நான்னு சொல்லிக்கிறேம்மா. நீ கரையைச் சேக்குற கோர்வைக்கு ஒத்தாசைன்னு சொல்லிடலாம். உன்னியத் தெரிஞ்சிக்கினா, அடுத்த தபா நேரா உன் வூட்டுக்கே போயிடுவாங்க."

பாவு அவர் கையில் இருக்கிறதே என்று ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

வாசல்

சோதனைக் கருவி என் இடுப்பருகே வந்ததும் கத்தியது. தறியில் உட்காரும்போது பிசிறு நறுக்கச் சின்னக் கத்தரியை இடுப்பில் செருகுவது என் பழக்கம். பாலியஸ்டர் புடவை கட்டிக்கொண்டு கிளம்பிய அவசரத்திலும் கை அதைச் செய்திருக்கிறது. முதலாளி என்னைத் தெரியாதவர்போல் நகர்ந்துகொண்டார். காவலர் கத்தரியை வாங்கிவைத்துக்கொண்டு கேட்டார்:

"இன்னாம்மா, ரிப்பன் வெட்ட வந்தியா?"

முந்தானை

உள்ளே இரண்டு நாட்டுத் தேசிய கீதமும் முடிந்தது. தூதரம்மா எங்களை நோக்கி வந்தார், நான் நெய்த அரக்குப் புடவையில். தறியில் சுருட்டிக்கொண்டே போனதை முழுசாக ஒரு உடம்பில் பார்த்தது அன்றுதான். என்ன செய்கிறோம் என்று தெரியவில்லை. கை நீண்டது, முந்தானையைப் பிடித்தது, பின்பக்கம் புரட்டியது. நெசவு வீட்டில் புடவையைப் பார்ப்பதென்றால் பின்பக்கம் பார்ப்பதுதானே! சுற்றி நின்றவர்கள் முகம் சுளித்துத் திரும்பினார்கள். தூதரம்மா மட்டும் சிரித்தார். பக்கத்தில் நின்ற தமிழ் அதிகாரிப் பெண் சொன்னாள்:

"ஏன் புரட்டிப் பாத்தீங்கன்னு மேடம் கேக்கறாங்கம்மா."

பதில்

முதலாளி முந்திக்கொண்டார். அவருடைய இங்கிலீஷில் 'மை அசிஸ்டென்ட்' மட்டும் எனக்குப் புரிந்தது. அதுவே போதுமாக இருந்தது. அதிகாரிப் பெண்ணிடம் சொன்னேன்:

"நான் நெய்ஞ்ச பொடவம்மா. கோர்வை வாங்கினது எங்கூட்டுக்காரரு. இவரு தறியில குந்துனதே கெடையாது. பின்னால பிசிறு கீதான்னு பாத்தேன், இல்ல. அப்பிடியே சொல்லு."

அந்தப் பெண் ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள். தூதரம்மா என் கையைப் பிடித்து, கொடிக்கு முன்னால் இழுத்துப்போய்ப் படம் எடுக்க நிறுத்தினார். முதலாளியும் வந்து ஒட்டிக்கொண்டார். கேமராவுக்குப் பல்லைக் காட்டியபடியே என் காதில் சொன்னார்:

"நாளைக்குப் பாவு கேட்டுக்கினு என் கடை வாசல்ல வந்து நில்லு, அப்ப பேசிக்கிறேன்."

நான் போய் நிற்கவில்லை. இப்போது ஐயம்பேட்டைக்காரர் ஒருவரிடம் ஷேர் ஆட்டோவில் போய்ப் பாவு வாங்கி வருகிறேன், அவர் இதுவரை என் புடவையைத் தான் நெய்ததாகச் சொன்னதில்லை, எந்தத் தூதரகமும் இன்னும் அவரைக் கூப்பிடவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.